எந்த மன்றத்தில் வழக்கு? மறுகாப்புறுதி வரலாற்றில் சிங்கப்பூர்

சிங்கப்பூர்த் தமிழர் வாணிக வரலாற்றை எழுதுவோர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளையும், 1859இல் எழுந்த தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலையும், சிராங்கூன் சாலைக் கடைகளையும் விரிவாகக் கூறுவர். அக்கடைகளுக்குக் கப்பலேறி வந்த சரக்கின் இடரை யார் சுமந்தனர் என்று வினவுவோர் அரியர். இடரை ஏற்ற காப்புறுதி நிறுவனம் அதன் ஒரு பகுதியை வேறொரு நிறுவனத்தின் மேல் ஏற்றுவதே மறுகாப்புறுதி. நகரத்தார் தம்முள் எழுந்த பிணக்குகளைக் கோயிற் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. ஒருவரையொருவர் முகமறியாத மூன்று நாட்டு நிறுவனங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எந்த நாட்டு மன்றம் வழக்கை விசாரிப்பது என்பதே அவர்களது முதற் சண்டையாகிவிடுகிறது.

இத்தகைய வழக்குகளுள் நம் நகரின் பெயர் பதிந்த ஒன்றை ஈண்டு நோக்குவோம். பிரெஞ்சு விற்பனை நிறுவனம் ஒன்று உத்தரவாதத்துடன் விற்ற மின்கருவிகளின் பழுதுபார்ப்புச் செலவுக்கு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்றது. அப்பொறுப்பின் ஒரு பகுதியை 1980இல் மூன்று நிறுவனங்கள் மறுகாப்புறுதியாக ஏற்றன. அவற்றுள் ஒன்று, சிங்கப்பூர்ச் சட்டப்படி அமைந்த ஓவர்சீஸ் யூனியன் காப்புறுதி நிறுவனம். முக்கியச் செய்திகள் தம்மிடம் மறைக்கப்பட்டன என்று கூறி அவை பணம் தர மறுத்தன. 1987இலும் 1988 தொடக்கத்திலும் நியூ ஹாம்ப்ஷயர் பாரிஸ் வணிக மன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1988 ஏப்ரலில் மறுகாப்புறுதியாளர் இலண்டன் சென்று, தமக்குப் பொறுப்பில்லை என அறிவிக்குமாறு வேண்டினர். இலண்டன் நீதிபதி அவ்வழக்கை நிறுத்திவைத்தார்.

வினா ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. ஐரோப்பாவில் வதிவிடம் இல்லாத சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் பிரசல்ஸ் ஒப்பந்தத்தின் 21ஆம் உறுப்பு பொருந்துமா? பொருந்தும் என 1991 சூன் 27இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு முதலில் எங்குத் தொடுக்கப்பட்டதோ அம்மன்றமே தன் அதிகார வரம்பை முடிவு செய்யும். நிலவுரிமை போன்ற சில பொருள்கள் நீங்கலாக, இரண்டாம் மன்றம் அதனைச் சோதிக்கலாகாது, காத்திருக்க வேண்டும். தெளிவான விதிதான். ஆயினும் முந்தி ஓடியவர்க்கே மன்றம் என்றாகிவிட்டது. இதனை நீதி என்பதைவிட ஒழுங்கு என்பதே பொருந்தும் என நாம் கருதுகிறோம்.

2003இல் காசர் வழக்கில் அதே நீதிமன்றம் இவ்விதியை மேலும் நீட்டியது. ஒரு குறிப்பிட்ட மன்றமே விசாரிக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், அம்மன்றம் இரண்டாவதாக அணுகப்பட்டிருந்தால் அதுவும் காத்திருக்கவேண்டும் என்றது. எழுத்தில் இசைந்ததற்கு என்ன மதிப்பு என்று வணிகர் கேட்டது நியாயமே. 2015 சனவரி முதல் பொருந்திய புதிய ஒழுங்குமுறை, ஒப்பந்தம் சுட்டும் மன்றத்துக்கு முதன்மை தந்து அதனை மாற்றியது.

சிங்கப்பூர் மன்றங்கள் வேறு வழியில் சென்றன. 1969ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பான எலெப்தேரியாவை 1970களில் அமெர்கோ டிம்பர்ஸ் வழக்கில் தழுவி, அயல்மன்றத்துக்கு இசைந்தவர் இங்கு வழக்காட வேண்டுமாயின் வலுவான காரணம் காட்டவேண்டும் என்றன. அத்தகைய வாசகம் இல்லாதவிடத்து, இயல்பான மன்றம் எது என்ற 1986ஆம் ஆண்டு ஸ்பிலியாடா அளவுகோலைக் கைக்கொண்டன.

இந்தியாவின் நிலை இன்னும் வேறு. அயல்நாட்டு மன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது, அதே பொருள்பற்றி இந்திய மன்றம் விசாரிப்பதைத் தடுக்காது என்பது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு விளக்கம். சென்னையிலிருந்து சரக்கு வரவழைக்கும் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் இரு கரைகளிலும் வழக்கறிஞர் வைக்க நேர்வது இதனாலேயே.

நீதிமன்றத் தேர்வு பற்றிய ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2016 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா அப்போது அதில் உறுப்பு நாடன்று. சரக்கேற்றும் ஒப்பந்தங்களை அது விலக்குகிறது. ஆயின் அச்சரக்கின்மேல் எழுந்த காப்புறுதியும் மறுகாப்புறுதியும் அக்காரணத்தால் மட்டும் விலக்கப்படமாட்டா என்று அதன் 17ஆம் உறுப்பு தனியே கூறுகிறது.