சமுதாயக் கல்லூரிக்குக் கணினி வந்த கதை

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் எல்லோரும் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவதில்லை. கையில் காசு இல்லாதவர்கள், மதிப்பெண் போதாதவர்கள், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிப்பவர்கள், பிள்ளை குட்டி என்று ஆன பிறகு மறுபடி படிக்க ஆசைப்படுபவர்கள் என்று எல்லோருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அதுதான் சமுதாயக் கல்லூரி. இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், திறந்த கதவு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் கல்லூரிதான் அரசு சார்ந்த கல்லூரிகளில் மூத்தது. 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் அமைக்க வேண்டும் என்று சொன்னது. 1960-களில் அவை மளமளவென்று பெருகின.

கதவைத் திறந்து வைத்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பாடம் நடத்த ஆள் வேண்டும். அதுவும் கணிதத்தில் அடிப்படையே ஆட்டம் கண்ட மாணவர்களுக்கு, பள்ளிப் பாடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்! அந்த நேரத்தில்தான் கணினி ஒரு வரப்பிரசாதமாகத் தெரிந்தது. இயந்திரத்துக்கு அலுப்புத் தெரியாது. ஒரே கணக்கை நூறு முறை சொல்லிக் கொடுக்கும். மாணவன் மெதுவாகப் போனாலும் முகம் சுளிக்காது.

இந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க, அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1970-களின் தொடக்கத்தில் பெரும் பணம் ஒதுக்கியது. இரண்டு திட்டங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி டாலர். ஒன்றின் பெயர் டிக்கிட். மற்றொன்றின் பெயர் பிளேட்டோ. இரண்டையும் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த முக்கியமான களம் சமுதாயக் கல்லூரி.

டிக்கிட்: தொலைக்காட்சியில் கணக்குப் பாடம்

டிக்கிட் திட்டத்தின் இயந்திரப் பகுதியை மைட்டர் நிறுவனம் செய்தது. பாடங்களை வடிவமைத்ததில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அரிசோனாவில் உள்ள ஃபீனிக்ஸ் கல்லூரி, தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரி ஆகிய இரண்டு இடங்களில் அது நிறுவப்பட்டது.

நோவா 800 என்ற சிறு கணினிகள் இரண்டு. அவற்றோடு 128 முனையங்களை இணைக்கலாம். ஒவ்வொரு முனையமும் ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, அதற்கு முன்னால் ஒரு விசைப்பலகை. அந்தக் காலத்தில் இதுவே பெரிய அதிசயம்தான்.

விசைப்பலகையின் ஓரத்தில் சில தனி விசைகள் இருந்தன. 'விதி' என்ற விசையை அழுத்தினால் சூத்திரம் வரும். 'எடுத்துக்காட்டு' என்றால் செய்து காட்டிய கணக்கு. 'பயிற்சி' என்றால் மாணவனே போட வேண்டிய கணக்கு. 'எளிது', 'கடினம்' என்று இரண்டு. எதை அடுத்துப் படிப்பது என்று குழம்பினால் 'ஆலோசனை'. புரியவில்லை என்றால் 'உதவி'. (இவை ஆங்கிலத்தில்தான் இருந்தன.) எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் படிப்பது என்று மாணவனே முடிவு செய்யலாம். இதுதான் டிக்கிட்டை உருவாக்கியவர்கள் பெருமையாகச் சொன்ன கொள்கை. ஆசிரியருக்குத் துணைக்கருவியாக அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரு முழுப் பாடத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை இயந்திரமே நடத்த வேண்டும் என்பதுதான் நோக்கம்.

16-ம் 50-ம்

திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு கல்வித் தேர்வுப் பணி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. டாஃபல், ஜி.ஆர்.இ. தேர்வுகளை நடத்துவதால் நம் மாணவர்களுக்கும் தெரிந்த அதே நிறுவனம்தான். அதன் அறிக்கை 1978-ல் வந்தது.

முதலில் நல்ல செய்தி. டிக்கிட்டில் கணிதப் பாடத்தை முடித்த மாணவர்கள், வழக்கமான வகுப்பில் முடித்தவர்களைவிட இறுதித் தேர்வில் நன்றாகவே செய்தார்கள். ஆக, இயந்திரத்தால் கணக்குச் சொல்லித்தர முடியும்!

அடுத்தது கெட்ட செய்தி. வழக்கமான கணித வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் சுமார் 50 பேர் அந்தப் பருவத்துக்குள் பாடத்தை முடித்தார்கள். டிக்கிட்டில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர்.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். டிக்கிட்டால் அதிகம் பயனடைந்தவர்கள் ஏற்கெனவே கணக்கில் ஓரளவு தேறியவர்கள். அவர்கள் 'விதி', 'பயிற்சி', 'கடினம்' என்று விசைகளைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்கள். அடித்தளம் இல்லாதவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள். அதாவது, எந்த மாணவர்களுக்காக இந்த இயந்திரம் கொண்டுவரப்பட்டதோ, அவர்களையே அது வழியில் விட்டுவிட்டது.

ஏன் இப்படி? 'உதவி' விசையும் 'ஆலோசனை' விசையும் கையெட்டும் தூரத்தில்தானே இருந்தன? இருந்தன. ஆனால் அந்த விசை சொல்வது முன்கூட்டியே எழுதி வைத்த விளக்கம். தனக்கு எது புரியவில்லை என்று தெரிந்த மாணவனுக்கு அது உதவும். எது புரியவில்லை என்பதே புரியாதவனுக்கு எந்த விசையை அழுத்துவது? மேலும், ஒரு வாரம் வராமல் இருந்தால் "ஏம்பா, போன வாரம் ஆளையே காணோம்?" என்று இயந்திரம் கேட்காது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு கேள்விதான் சில நேரம் படிப்பைக் காப்பாற்றுகிறது.

அதே டிக்கிட்டில் ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் இருந்தது. அங்கே ஆசிரியர்களும் பாடத்தில் பங்கெடுத்துக்கொண்டார்கள். அந்த வகுப்புகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. கணினி அதேதான், கல்லூரியும் அதேதான். ஆசிரியர் இருந்த விதம் மட்டும்தான் வேறு என்று சொல்லிவிட முடியாது, பாடமும் வேறு. ஆனாலும் இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது.

பிளேட்டோ: பிழை சொல்ல ஓர் இடம்

பிளேட்டோ இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-ல் தொடங்கி வைத்த திட்டம். 1972-ல் வந்த அதன் நான்காம் பதிப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை இருந்தது. விரலால் தொட்டும் பதில் சொல்லலாம். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே இருந்த பார்க்லேண்ட் சமுதாயக் கல்லூரியிலும், 200 கிலோமீட்டருக்கு அப்பால் சிகாகோ நகரக் கல்லூரிகளிலும் முனையங்கள் வைக்கப்பட்டன. எல்லாம் அர்பானாவில் இருந்த பெரிய கணினியோடு இணைந்தவை.

டிக்கிட் போல இது ஆசிரியரை ஒதுக்கவில்லை. எந்தப் பாடத்தை, எவ்வளவு நேரம் பயன்படுத்துவது என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். டியூட்டர் என்ற மொழியில் ஆசிரியர்களே பாடம் எழுதவும் செய்தார்கள்.

நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் கோளாறுகளும் வரத்தானே செய்யும்? அவற்றைத் தெரிவிக்க முதலில் ஒரு பொதுக்கோப்பு இருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். எழுதியது யார் என்றும் தெரியாது. 1973-ல் டேவிட் வுல்லி என்ற 17 வயது இளைஞரிடம் இதைச் சரிசெய்யும் வேலை வந்தது. அவர் எழுதிய நிரலின் பெயர் 'நோட்ஸ்'. ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் அடையாளமும் தேதியும் தானாகவே பதிவாகும். ஒரு குறிப்புக்கு 63 பதில்கள் வரை எழுதலாம். அதில் மூன்று பிரிவுகள் இருந்தன: கணினி பற்றிய அறிவிப்புகள், உதவி கேட்கும் குறிப்புகள், பொதுக் குறிப்புகள்.

இன்று எந்தக் கல்லூரியின் கணினிப் பிரிவை எடுத்துக்கொண்டாலும் "சனிக்கிழமை சேவை இருக்காது" என்ற அறிவிப்பும், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்ற வேண்டுகோளும் இருக்கும். அந்த வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பதில் எழுதியது இயந்திரம் இல்லை என்பது. கேட்பவரும் மனிதர், பதில் சொல்பவரும் மனிதர். கணினி நடுவில் நின்று அவர்களைச் சேர்த்து வைத்தது.

பிளேட்டோவால் மதிப்பெண்கள் எகிறிவிட்டனவா? இல்லை. மாணவர்களின் தேர்ச்சியிலும், பாதியில் நிற்பவர்களின் எண்ணிக்கையிலும் சீரான மாற்றம் எதையும் மதிப்பீட்டாளர்கள் காணவில்லை. ஆனால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அது பிடித்திருந்தது. டிக்கிட் கணித வகுப்பைப் போல யாரும் கூட்டமாகக் காணாமல் போகவில்லை.

பிறகு?

இந்தப் பாடத்தை உலகம் அடிக்கடி மறந்துவிடுகிறது. 2012-ல் இணையவழிப் பெருவகுப்புகள் வந்தபோது, இனி கல்லூரியே தேவையில்லை என்றுகூடப் பேசினார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய முதல் ஆண்டு வகுப்புகளில் 8,41,687 பதிவுகள். சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்து! வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டுதான். இருந்தாலும் 16-ஐப் பார்த்தவர்களுக்கு இந்த ஐந்து அதிர்ச்சி தந்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 2007-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணச் சலுகை, புத்தகம், பயணச் சீட்டு, இவற்றோடு மாணவரை அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர். மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் சுமார் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆனார்கள். அதில் புதிய இயந்திரம் எதுவும் இல்லை.

கணினி வேண்டாம் என்று இந்தக் கதை சொல்லவில்லை. முடித்தவர்கள் நன்றாகத்தானே எழுதினார்கள்? ஆனால் ஒரு கல்லூரி கணினி வாங்கும்போது, அதோடு இன்னொன்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 'உதவி' விசையை அழுத்தினால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்? அந்த ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கியாகிவிட்டதா? 1978-லேயே விடை கிடைத்துவிட்ட கேள்வி இது.