சாயத்தொட்டி சொல்லும் வரலாறு

பம்பாயில் முதற் பருத்தியாலை 1854-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1856-இல் இலண்டனில் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். ஆலையும் செயற்கைச் சாயமும் கூடிய காலத்தில் மண்தாழியின் இடத்தை ‘ஜிக்கர்’ இயந்திரம் பெற்றது. அதில் இரண்டு உருளைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும் துணி, கீழுள்ள தொட்டியில் தோய்ந்து நிறமேறும்.

நிறம் மாற்றுமுன் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் இட்டுக் கொதிக்கவைத்துத் தொட்டியைக் கழுவுதல் வேண்டும். நேற்றைய கருநீலம் சிறிது எஞ்சினும் இன்றைய மஞ்சள் கெடும். உருளை சற்றே சாய்ந்தால் துணியின் ஓரம் ஒரு நிறம், நடு வேறு நிறம்.

1982-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் பம்பாயில் பல ஆலைகள் மூடப்பட்டன. ஆலை நிறுவினோர் பெயர்களை ஏடுகள் காத்துள்ளன. தொட்டி கழுவினோர் பெயர்களைக் காத்தில. ஊர்விட்டு வந்து உழைக்கும் நமக்கு அவர்கள் அயலார் அல்லர். கறையின்றி வெளிவந்த துணியே அவர்தம் கையெழுத்து என்பதை நாமேனும் நினைவிற் கொள்வோமாக.