சோலைமலை இளவரசியும் நான் பிடுங்கி வைத்த புத்தகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஓய்வாகப் படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அது யாருக்கு என்பதை அங்கே வந்து தெரிந்துகொள்ளுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் கிடைத்தது. கல்கியின் 'சோலைமலை இளவரசி'. என் அப்பா மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தது. அட்டை போய்விட்டது. பக்கங்கள் பழுத்து, தொட்டால் ஒடிகின்றன. பதின்மூன்று வயதில் இதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. அப்போதும் இதே மேற்கு மாம்பலம்தான். ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் படிப்பேன். கதை ஒரு இரவு ரயிலில் தொடங்கும். மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டி எங்கள் பக்கம் கேட்கும் ரயில் சத்தமும் கதையில் வரும் ரயிலும் எனக்கு ஒன்றாகவே இருக்கும்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942. போலீஸ் தேடும் இளைஞன் குமாரலிங்கம், சோலைமலை என்ற ஊரில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டைக்குள் ஒளிந்துகொள்கிறான். அந்த ஊர் மணியக்காரர் மகள் பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொண்டு வந்து கொடுக்கிறாள். அந்தக் கோட்டைக்குள் வந்ததிலிருந்து அவனுக்கு ஏதேதோ தோன்றுகிறது. இந்த இடத்தை முன்பே பார்த்திருக்கிறோமே, இந்தப் பெண்ணையும் பார்த்திருக்கிறோமே என்று மனம் அலைகிறது. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனிடம் தோற்று, இதே கோட்டையில் ஒளிந்த மாறனேந்தல் மகாராஜா உலகநாதத் தேவர் தான்தான் என்றும், அவர் காதலித்த இளவரசி மாணிக்கவல்லிதான் பொன்னம்மாள் என்றும் காட்சிகள் வருகின்றன. முன்ஜன்மமா, பிரமையா? கல்கி கடைசி வரை நம்மை அதிலேயே வைத்திருப்பார். முடிவைச் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள். கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கும்.

பதின்மூன்று வயதில் எனக்கு அதில் காதல் மட்டும்தான் தெரிந்தது. இப்போது, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வகுப்பில் சமூக அறிவியல் நடத்திவிட்டுப் படித்தபோது வேறு ஒரு புத்தகம் கண்ணில் பட்டது.

முதலில் 1942. 'வெள்ளையனே வெளியேறு' பாடத்தை நான் எப்படி நடத்தினேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 8, பம்பாய்த் தீர்மானம். மறுநாள் விடியும் முன்பே காந்தி கைது. 'செய் அல்லது செத்து மடி'. அடிக்கோடு போடுங்கள், ஐந்து மதிப்பெண் கேள்வி. அவ்வளவுதான். நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்லவே இல்லை.

அந்த ஆகஸ்டில் ராமநாதபுரம் சீமை கொதித்தது. தேவகோட்டையில் நீதிமன்றத்துக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இருபத்திரண்டு வயது இளைஞர் சின்ன அண்ணாமலையைக் கைது செய்து திருவாடானை சிறையில் வைத்தார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டு வந்தார்கள். அடுத்த மாதம் குலசேகரப்பட்டினத்தில் உப்பளத்து அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை. கயிறு வரை போய், நாடு விழித்துக்கொண்ட நேரத்தில் உயிர் தப்பினார்கள். குமாரலிங்கத்தின் கதையை 1947-ல் படித்தவர்களுக்கு இதெல்லாம் கற்பனை இல்லை, ஐந்து வருஷத்துக்கு முந்தைய பத்திரிகைச் செய்தி.

நம் பேட்டைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தச் சின்ன அண்ணாமலைதான் பிறகு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், தியாகராய நகரில் 'தமிழ்ப் பண்ணை' என்ற பதிப்பகம் நடத்தினார். ராஜாஜி, நாமக்கல் கவிஞர் புத்தகங்களை எல்லாம் அழகாக அச்சிட்டவர். கல்கிக்கு நெருக்கமானவர். துரைசாமி சப்வே வழியாக எத்தனை ஆயிரம் தடவை தி.நகருக்குப் போயிருப்பேன்! சிறையை உடைத்து மீட்கப்பட்ட ஒரு மனிதர் அங்கே இருந்து புத்தகம் போட்டார் என்பது சேலை எடுக்கப் போன எனக்குத் தெரியாது.

அடுத்து, அந்த மாறனேந்தல் மகாராஜா. இந்தப் பெயரில் சரித்திரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். ஆனால் அவரைப் போன்றவர்கள் இருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு புதுக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் ஒளிந்து பிடிபட்ட கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்த பாளையங்கோட்டைச் சிறை 1801 பிப்ரவரியில் உடைந்தது. அதே வருஷம் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1801-ல் பாளையங்கோட்டைச் சிறை. 1942-ல் திருவாடானைச் சிறை. அப்போதும் காட்டில் ஒளிந்தவன், இப்போதும் ஒளிந்தவன். அப்போதும் தூக்குக் கயிறு, இப்போதும் அதுவே. கல்கி முன்ஜன்மக் கதை எழுதியது வாசகரைப் பயமுறுத்த மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது படுகிறது. 1942 இயக்கத்தை அரசாங்கம் சில மாதங்களில் நசுக்கிவிட்டது. காந்தி 1944 மே வரை காவலில் இருந்தார். தலைமறைவாக இருந்த ஒவ்வொருவனும், நாம் தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பான். அவனிடம் கல்கி, "தம்பி, நீ முன்பே ஒரு தடவை தோற்றவன்தான். ஆனாலும் திரும்பி வந்திருக்கிறாய் பார்" என்று சொல்கிறார். சரித்திரத்தை இதைவிட எளிமையாக ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

இதில் இன்னொரு விசேஷம். கல்கி ராஜாஜியின் சீடர். ராஜாஜியோ 1942 போராட்டத்தை ஏற்கவில்லை. அதற்கு முன்பே காங்கிரசிலிருந்து விலகியும் விட்டார். அப்படிப்பட்ட குருவின் சீடர், அந்தப் போராட்டக்காரனையே கதாநாயகன் ஆக்கினார். கல்கியும் மூன்று முறை சிறை சென்றவர் அல்லவா? கொள்கையில் வேறுபாடு இருந்தாலும் அடிபட்டவன் பக்கம் மனம் போயிருக்கிறது.

முன்ஜன்மக் காதல் நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் உதயகுமாரன் ஏன் அவளையே சுற்றிச் சுற்றி வருகிறான்? போன பிறவியில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சினிமாவில் ஸ்ரீதர் 1963-ல் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தார். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லையாம்.

சரி, மன்னிப்புக்கு வருகிறேன்.

2010 வாக்கில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மடியில் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிப் பார்த்தால் 'ட்வைலைட்' என்ற ஆங்கில நாவல். ரத்தக்காட்டேரிக்கும் பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் காதல். அவனுக்கு வயது நூறுக்கு மேல்! வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி ஏளனம் செய்தேன். அவள் எழுந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நீங்க சின்ன வயசுல பேய்க்கதை, காதல் கதை எதுவும் படிச்சதே இல்லையா?"

நான், "இல்லை" என்றேன்.

பொய். கூசாமல் சொன்ன பொய். நூறு வயதுக் காதலனுக்காக மொட்டை மாடியில் அழுதவள் நான். புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, அவள் அம்மாவை வரவழைத்துக் கொடுத்தேன். வீட்டில் அவளுக்கு என்ன நடந்ததோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அதற்கு முன்பு எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளை அவள்.

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "படிச்சிருக்கேன் கண்ணு, அதில் வர்ற காதலனுக்கும் நூறு வயசுதான், நாளைக்குக் கொண்டு வரேன்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைத்திருக்கும். உங்கள் எல்லோருக்கும் தேவகோட்டையும் திருவாடானையும் கிடைத்திருக்கும். நான் ஐந்து மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, இதை நீ படித்தால் உனக்கே தெரியும் நான் யாரைச் சொல்கிறேன் என்று. பெயர் போட மாட்டேன். டீச்சர் அன்று பொய் சொன்னேன். மன்னித்துவிடு. அயோத்தியா மண்டபத்துக்கு வருகிற வழியில்தான் வீடு. ஒரு நாள் வா, காபி போட்டுத் தருகிறேன். இந்தப் பழுத்த புத்தகம் உனக்குத்தான். பக்கம் திருப்பும்போது மட்டும் பார்த்துத் திருப்பு.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் 1942-ல் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு இங்கே எழுதுங்கள். பதிமூன்று, பதினான்கு வயதில் ஒளித்து வைத்துப் படித்த புத்தகத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்தத் தடவை யாரையும் திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மேற்கு மாம்பலம்