வாக்காளர் அடையாளச் சட்டங்களும் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வாக்களிக்க வரும் பிரஜை தாம் இன்னார் என்பதை அத்தாட்சிப் பத்திரத்தால் மெய்ப்பிக்க வேண்டும் என்று விதிக்கும் மாநிலச் சட்டங்கள் ஒரு வகை. நடக்கவோ பார்க்கவோ எழுதவோ இயலாத பிரஜைக்கும் வாக்குச்சாவடியின் வாயில் திறந்திருக்க வேண்டும் என்று விதிக்கும் மத்திய சட்டங்கள் மற்றொரு வகை. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சபைகளில், வெவ்வேறு நோக்கங்களோடு இயற்றப்பட்டவை. ஒன்றை இயற்றியவர்கள் மற்றொன்றை மனத்திற்கொண்டு இயற்றினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், யுத்தத்தில் காலையோ கையையோ கண்பார்வையையோ இழந்து ஊர் திரும்பிய முன்னாள் படைவீரர் ஒருவர் தேர்தல் நாளன்று சாவடிக்கு வரும்போது, இரண்டு வகைச் சட்டங்களும் அவர் ஒருவர் மீதே வந்து படிகின்றன. அவரைப் போல் சர்க்காரின் ஏடுகளில் விரிவாகப் பதிவு பெற்ற பிரஜைகள் அரியர். அவருடைய பிறந்த தேதி, கைரேகை, காயங்கள், அவற்றின் அளவு ஆகிய யாவும் அரசாங்கத்திடம் உள்ளன. இருந்தும், அவ்வரசாங்கமே கொடுத்த அட்டையை நீட்டியபோது அது செல்லாது என்று அவர் திருப்பியனுப்பப்பட்டதுண்டு.

யுத்தங்களும் சாய்தளமும்: உடற்குறை உடையோர்க்கான அமெரிக்கச் சட்டங்களின் சரித்திரம் பெருமளவுக்கு ஊனமுற்ற படைவீரர்களின் சரித்திரமே ஆகும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டிலேயே, அங்கம் இழந்த வீரர்கள் மோட்டார் வண்டி வாங்கிக்கொள்ள 1,600 டாலர் வரை அளிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. 1948-ல், சக்கர நாற்காலி புழங்கும்படி வீடு கட்டிக்கொள்ளச் செலவில் பாதியை, 10,000 டாலருக்கு மேற்படாமல், அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் வளாகத்தில், ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் கல்வி பயில்வதற்கான திட்டம் ஒன்றைத் திமதி நூஜென்ட் என்பவர் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் உதவியின்றித் தாமே ஏறி இறங்கத்தக்க சரிவு எவ்வளவு, வாசலின் அகலம் எவ்வளவு என்பவற்றை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்து கண்டனர். அந்த ஆராய்ச்சியின் பயனாகவே 1961-ல் தேசியக் கட்டடத் தரவிதி வெளியாயிற்று. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சரிவாவது வேண்டும் என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. இன்று அமெரிக்க வாக்குச்சாவடி எதையும் சோதிக்க வரும் அதிகாரி அளந்து பார்ப்பவற்றுள் ஒன்று இந்தச் சரிவு. மற்றொன்று வாசலின் அகலம், அது 32 அங்குலத்திற்குக் குறையலாகாது. பள்ளிக்கூடம், மாதாகோவில், தீயணைப்பு நிலையம் என்று கிடைத்த இடங்களிலெல்லாம் ஒரே நாளைக்குச் சாவடி அமைப்பது அந்நாட்டு வழக்கமாதலால், எடுத்துச் செல்லக்கூடிய சாய்தளத்தைப் படிமேல் பொருத்துதல், கனத்த கதவைத் திறந்தே நிறுத்தி வைத்தல், வண்டி நிறுத்தத் தற்காலிகமாக இடம் குறித்தல் போன்ற சிறு பரிகாரங்களையும் நீதி இலாகா தன் கையேட்டில் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் தானாக வந்துவிடவில்லை; ஊனமுற்ற வீரர்களே அரசியலில் நுழைந்து குரல் கொடுத்தனர். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் பெர்சி ஜோன்ஸ் என்ற இராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. இத்தாலியப் போர்முனையில் வலக்கை பயனற்றுப்போன பாப் டோல், அங்கேயே வலக்கையை முற்றும் இழந்த டேனியல் இனொயே, நார்மண்டிப் படையெடுப்பில் காயமுற்ற பிலிப் ஹார்ட் ஆகிய மூவரும் அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுப் பிற்காலத்தில் செனட்டர்கள் ஆயினர்; அந்தக் கட்டடம் இன்று அம்மூவர் பெயராலேயே வழங்குகிறது. டோல் செனட்டில் தமது முதற் பேச்சை, தாம் காயமுற்ற அதே ஏப்ரல் 14-ம் தேதியில், 1969-ல், ஊனமுற்றோரைக் குறித்தே நிகழ்த்தினார். பிறர் அறியாமல் கைகுலுக்க முற்பட்டுவிடக்கூடாதே என்று வலக்கையில் எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருந்தவர் அவர்; எழுதுவதற்கோ இடக்கையைத்தான் பழக்கிக்கொள்ள நேர்ந்தது. வியட்நாமில் 1968-ல் இரு கால்களையும் வலக்கையையும் இழந்த மாக்ஸ் கிளீலண்ட், படைவீரர் நல இலாகாவின் தலைவராயிருந்து, பின்பு ஜார்ஜியா மாநிலச் செயலராகி, அந்த மாநிலத்தின் தேர்தல்களையே பல ஆண்டுகள் மேற்பார்வையிட்டார். தேர்தல் நிர்வாகமும் ஊனமும் ஒரே மனிதரிடத்தில் கூடியதற்கு அவரினும் தெளிவான உதாரணம் கிடையாது.

வாயிலைத் திறந்த சட்டங்கள்: 1968-ம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசாங்கத்தின் கட்டடங்களையும், 1973-ம் ஆண்டுச் சட்டத்தின் 504-ம் பிரிவு அரசாங்கப் பணம் பெறும் திட்டங்களையும் ஊனமுற்றோர்க்குத் திறந்துவிட்டன. தேர்தலுக்கென்றே பிறந்த சட்டம் 1984-ல் வந்தது. முதியோரும் ஊனமுற்றோரும் அணுகும்படி சாவடிகள் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். அதில் பலர் கவனியாத ஒரு விதி உண்டு: மத்திய தேர்தலில் தபால் வாக்குக் கேட்கும் ஊனமுற்றவரிடம், ஒருசில சந்தர்ப்பங்கள் தவிர, வைத்தியச் சான்றிதழோ நோட்டரி முத்திரையோ கேட்கலாகாது. அதற்கு ஈராண்டு முன்னரே, வாக்குரிமைச் சட்டத் திருத்தம் ஒன்றால், பார்வையற்றோரும் ஊனமுற்றோரும் தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்து வரும் உரிமை பெற்றிருந்தனர். எஜமானரும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டுமே அதற்கு விலக்கு. 1990 ஜூலை 26-ல் கையொப்பமான அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் இவை யாவற்றையும் உரிமையாக உறுதிப்படுத்திற்று. 2002-ம் ஆண்டுத் தேர்தல் உதவிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வொரு சாவடியிலும் பார்வையற்றவரும் தனியாக, இரகசியமாக வாக்களிக்கத்தக்க இயந்திரம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்றது. இதே சட்டந்தான், தபால் மூலம் முதன்முறை பதிவு செய்துகொண்ட வாக்காளரிடம் அடையாளம் கேட்கும் விதியையும் தேசமெங்கும் புகுத்தியது. நாம் பேசும் இருவகைச் சட்டங்களும் ஒரே ஏட்டில் இடம்பெற்றது அப்போதுதான்.

சட்டம் ஒருபுறமிருக்க, நடைமுறை மெல்லவே முன்னேறியது. காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2000-ம் ஆண்டில் ஆராய்ந்தபோது நூற்றுக்கு 84 சாவடிகளில் ஏதேனும் ஒரு தடை காணப்பட்டது. 2008-ல் அது 73 ஆயிற்று. 2016-ல் பார்வையிட்ட 178 சாவடிகளில் நூற்றுக்கு 60-ல் செங்குத்தான சரிவு, பெயர்ந்த தரை, வழிகாட்டும் பலகை இன்மை முதலிய குறைகள் இருந்தன.

அடையாளச் சட்டங்கள்: தேசம் முழுமைக்கும் பொதுவான வாக்காளர் அட்டை அமெரிக்காவில் கிடையாது. 1950-ல் தென் கரோலினா முதன்முதலாக ஏதேனும் ஒரு பத்திரத்தைக் காட்டும்படி கேட்டது. ஆனால் புகைப்படம் ஒட்டிய அடையாளம் இல்லையேல் வாக்கு எண்ணப்படாது என்ற கண்டிப்பு 2005-ல் ஜார்ஜியா, இந்தியானா மாநிலங்களோடுதான் ஆரம்பமாகிறது. அதே ஆண்டில், முன்னாள் ஜனாதிபதி கார்ட்டரும் முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கரும் தலைமை வகித்த குழு, அட்டையை இலவசமாகவும் எளிதாகவும் கொடுப்பது என்ற நிபந்தனையோடு, புகைப்பட அடையாளத்தை ஆதரித்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதும் தேர்தலில் மக்களின் நம்பிக்கையைக் காப்பதும் இச்சட்டங்களை ஆதரிப்போர் கூறும் காரணங்கள். இவை அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தியானாச் சட்டம் செல்லும் என்று ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் தீர்த்தது. அடுத்த மாதமே அம்மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்கருகில், கன்னிமாடத்து முதிய சகோதரிகள் சிலர், தம்மோடு அதே மடத்தில் வாழ்ந்த சாவடி ஊழியராலேயே திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுள் யாரும் யாருக்கும் அந்நியரல்லர். சட்டம் கேட்ட அட்டை இல்லை என்பதே குறை.

டெக்ஸஸ் மாநிலத்தின் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 2011-ல் அது இயற்றிய 14-ம் எண் மசோதா, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, துப்பாக்கி உரிமம், புகைப்படமுள்ள இராணுவ அட்டை முதலியவற்றை மட்டும் ஏற்றது. ஊனமுற்றோர்க்கு ஒரு விலக்கும் வைத்தது: தம்மிடம் இத்தகைய அட்டை இல்லை என்று உறுதிகூறி, சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஊனச் சான்றையோ, படைவீரர் நல இலாகா 50 சதவீதத்திற்குக் குறையாமல் ஊனம் மதிப்பிட்டதற்கான சான்றையோ கொடுத்தால், அவருடைய வாக்காளர் பதிவுச் சீட்டில் ஓர் எழுத்து அச்சிடப்படும், அதன்பின் அச்சீட்டே போதும்.

அந்த 50 என்ற எண் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்த்தால்தான் இவ்விலக்கின் தன்மை விளங்கும். படைவீரர் நல இலாகா ஒவ்வொரு காயத்தையும் நோயையும் பத்துப் பத்தாக நூறு வரை மதிப்பிடுகிறது. இரண்டு ஊனங்கள் இருந்தால் அவற்றைக் கூட்டிவிடுவதில்லை. முதல் ஊனம் 50 எனில் மனிதரிடத்தில் எஞ்சியிருப்பது 50, இரண்டாவது ஊனம் 30 எனில், எஞ்சிய அந்த 50-ல் நூற்றுக்கு 30 வீதம் கணக்கிட 15, ஆகமொத்தம் 65, அதைப் பத்தின் மடங்காக்கி 70 என்று எழுதுவார்கள். மாதந்தோறும் எவ்வளவு உபகாரச் சம்பளம் கொடுப்பது என்பதற்காக வகுக்கப்பட்ட கணக்கு இது; சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதை அளக்கிறதேயன்றி, அட்டை வாங்க அலுவலகம் வரை ஒருவர் செல்ல முடியுமா என்பதை அளப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் சாதாரணமாகப் பெறும் மதிப்பீடு 40. அவர் இவ்வழியில் விலக்குப் பெற முடியாது. விலக்கு என்று வைக்க மனம் வந்த சட்டமன்றம், அதன் அளவுகோலை வேறொரு காரியத்திற்காகச் செய்யப்பட்ட ஏட்டிலிருந்து எடுத்தது பொருத்தமன்று என்பதே எனது அபிப்பிராயம்.

இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், எண்பது வயதைக் கடந்த முன்னாள் படைவீரர் ஒருவரின் நிலை நீதிமன்றத்தின் முன் வந்தது. வீட்டிலேயே பிறந்தவர், பிறப்புப் பதிவிலோ பிழைகள் இருந்தன, ஆகவே புதிய அட்டை பெறுவது எளிதாயில்லை. பக்கவாதத்தால் சக்கர நாற்காலியை நாடிய அவர், 2013-ல் வாக்களிக்கச் சென்றபோது, தம்மைப் பல ஆண்டுகளாக அறிந்த சாவடி ஊழியர்களாலேயே தடுக்கப்பட்டார்; படைவீரர் நல இலாகா அளித்த அட்டை அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2014-ல் மாவட்ட நீதிபதி, ஏறத்தாழ ஆறு லட்சம் பதிவு பெற்ற வாக்காளர்களிடம் உரிய அட்டை இல்லை என்று கண்டார். 2016-ல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் பாரபட்சமான விளைவு உடையது என்றது. இதன் பயனாக 2017-ல் இயற்றிய திருத்தச் சட்டத்தில், அட்டை பெற முடியாமைக்கு நியாயமான காரணங்களுள் ஒன்றாக நோயும் ஊனமும் சேர்க்கப்பட்டன. உறுதிமொழியில் அக்காரணத்தைக் குறித்துக் கையொப்பமிட்டு, பெயரும் விலாசமும் உள்ள வேறொரு பத்திரத்தைக் காட்டினால் வாக்களிக்கலாம். எழுபது வயது நிரம்பியோர் காலாவதியான அட்டையையும் காட்டலாம். ஆறாண்டுப் போராட்டம் கொடுத்த பலன் இது. முதல் மசோதாவிலேயே எழுதியிருக்கக் கூடியதுமாகும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் தவறு எளியது, திருத்தமும் எளியது. 2011-ம் ஆண்டுச் சட்டம் பணியிலிருக்கும் வீரரின் அட்டையை ஏற்று, முன்னாள் வீரர்க்குப் படைவீரர் நல இலாகா கொடுக்கும் அட்டையைப் பட்டியலில் விட்டுவிட்டது. 2016 மார்ச்சில் அதைச் சேர்த்தார்கள். வட கரோலினாவோ 2018-ல் சட்டம் எழுதும்போதே, படைவீரர் அட்டையில் தேதி அச்சிடப்படாவிட்டாலும் செல்லும் என்று எழுதிவிட்டது. அவ்விலாகாவின் பழைய அட்டைகளில் காலாவதித் தேதியே இல்லாததால் இந்த ஒரு வாக்கியத்தின் அருமை பெரிது.

தபால் வாக்கும் பதிவும்: சாவடிக்குச் செல்ல இயலாதவர்க்குத் தபால் வாக்கே கதி. டெக்ஸஸில் அது 65 வயதானோர்க்கும், ஊனமுற்றோர்க்கும், வேறு சில வகையினர்க்கும் மட்டுமே உண்டு. 2021-ல் அங்கே நிறைவேறிய சட்டம், தபால் உறையின்மேல் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ எழுதும்படியும், அது பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தும்படியும் விதித்தது. பல்லாண்டுக்கு முன் பதிவு செய்துகொண்ட முதியவர், தாம் எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதை நினைவு வைத்திருக்க வழியில்லை. 2022 மார்ச் மாதத் தேர்தலில் தபால் வாக்குகளுள் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் தள்ளுபடியாயின. தபால் வாக்குப் பெறும் தகுதியின் தன்மையால், இழப்பு பெரும்பாலும் முதியோர் மீதும் ஊனமுற்றோர் மீதுமே விழுந்தது. ஊனத்தின் துன்பம் அறியாதவர்கள் செய்த சட்டம் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. இதில் கையொப்பமிட்ட கவர்னர் கிரெக் அபட் 1984 முதல் சக்கர நாற்காலியில் வாழ்பவர்.

வாக்காளராகப் பதிவு பெறுவதிலும் இதே இழுபறி நடந்தது. 2008-ல் படைவீரர் நல இலாகா தன் ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் பதிவு இயக்கங்களைத் தடுத்தது. கனெக்டிகட் மாநிலச் செயலர் சூசன் பைசீவிச் வாசலிலேயே நிறுத்தப்பட்டு, உள்ளிருந்து வெளியே வந்த முதிய வீரரைத் தெருவில் நின்றே பதிவு செய்தார். சில மாதங்களில் இலாகா தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2021 மார்ச்சில் ஜனாதிபதி பைடன் பிறப்பித்த உத்தரவின்படி, மிச்சிகன், கென்டக்கி மாநிலங்களில் அவ்விலாகாவின் நிலையங்கள் பதிவு நிலையங்களாகக் குறிக்கப்பட்டன. அவ்வுத்தரவை 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் ரத்து செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா, பதிவு பெறுவோர் அமெரிக்கப் பிரஜை என்பதற்குப் பத்திர அத்தாட்சி கேட்கிறது. அதன்படி இராணுவ அட்டை தனித்து நிற்காது. பிறந்த இடம் அமெரிக்கா என்று காட்டும் படைப் பணிப் பதிவேடும் அதோடு சேர்ந்து வரவேண்டும்.