இயற்கைத் தேர்வும் வினாத்தாளும்

டார்வினும் வாலஸும் தனித்தனியே கண்டு, 1858-ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒருங்கே வெளியிடப்பெற்ற இயற்கைத் தேர்வுக் கொள்கையைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஆனால் அக்கொள்கை மாணவனுடைய மனத்தில் எந்த உருவத்தில் போய்ப் படிந்திருக்கிறது என்பதை அறிவது, பயிற்றுவிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமான காரியம். ‘டார்வினின் கொள்கையை விவரி’ என்று கேட்டால், மிகுதியான இனப்பெருக்கம், வாழ்க்கைப் போராட்டம், வேறுபாடுகள், தக்கன உயிர் பிழைத்தல் என்று தலைப்புகளை அடிக்கோடிட்டு எழுதி முழு மதிப்பெண்ணையும் பெற்றுவிடுகிற அதே மாணவன், டி.டி.டி. மருந்துக்கு மடியாத கொசுக்கள் எப்படித் தோன்றின என்று கேட்ட மாத்திரத்தில், ‘கொசு அந்த விஷத்துக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது’ என்று விடை சொல்வதை ஆசிரியர் பலர் அனுபவத்தில் கண்டிருப்பர். முதல் விடை அவனுடைய ஞாபக சக்திக்குச் சான்று. இரண்டாவதே அவனுடைய உண்மையான அபிப்பிராயம். நம்முடைய பரீட்சைகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் இதற்கு ஒப்பான சங்கடத்தில் இருந்தார்கள். பாக்டீரியங்களின்மேல் அவற்றைக் கொல்லும் வைரஸைப் பெய்தால் பெரும்பாலானவை மடிய, மிகச் சிலவே பிழைத்துப் பெருகுகின்றன. பிழைத்தவை, வைரஸின் ஸ்பரிசத்தால் எதிர்ப்பாற்றலை அடைந்தனவா, அன்றி அது வருமுன்பே தற்செயலாய் நேர்ந்த சடுதி மாற்றத்தால் அதனைப் பெற்றிருந்தனவா? பிழைத்தவற்றை எவ்வளவு உற்று நோக்கினாலும் பயனில்லை. இரண்டு கருத்துகளுக்கும் அவை ஒருங்கே சாட்சி சொல்லும். 1943-இல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியங்களைப் பல சிறு குழாய்களில் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் நிறைந்த தட்டில் பரப்பி, தப்பியவற்றை எண்ணினார்கள். ஆற்றல் வைரஸால் விளைவதாயின் எல்லாத் தட்டுகளிலும் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாயிருக்க வேண்டும். முன்பே நேர்ந்ததாயின், மாற்றம் முந்தி நிகழ்ந்த குழாயில் அதன் சந்ததி மிகப் பலவாகவும், பிந்தி நிகழ்ந்ததில் ஓரிரண்டாகவும், நிகழாததில் இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டாவது விதமே பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

இக்கட்டுரையின் வாதம் இந்தச் சோதனையிலிருந்தே புறப்படுகிறது. வினாவும் ஒரு பரிசோதனையே; ஆதலால் சரியான கருத்துடையவனும் தவறான கருத்துடையவனும் ஒரே விடையை எழுதக்கூடிய வினா, எத்தனை கடினமானதாயினும், இயற்கைத் தேர்வைப் பற்றிய அறிவை அளக்க உதவாது.

மேல்நாட்டில் இத்துறையில் உழைத்தவர்கள் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். 1990-இல் பிஷப்பும் ஆண்டர்சனும் வெளியிட்ட ஆராய்ச்சியில், மணிக்கு 20 மைல் ஓடிய முன்னோரிலிருந்து 60 மைல் ஓடும் சிறுத்தை எவ்வாறு வந்தது என்றும், குகைவாழ் சாலமாண்டர் பார்வையை இழந்தது ஏன் என்றும் வினவப்பட்டது. 2002-இல் வேறோர் ஆண்டர்சனும் ஃபிஷரும் நார்மனும், காலபாகஸ் தீவுக் குருவிகளையும் வெனிசுவேலாவின் கப்பி மீன்களையும் கானரித் தீவுப் பல்லிகளையும் கொண்டு 20 வினாக்கள் அடங்கிய தொகுதியொன்றை அமைத்து, மாணவர் இயல்பாகக் கொள்ளும் பிழைக் கருத்துகளையே தவறான விடைகளாக அதில் வைத்தனர். அதற்குப் பின் வந்த நெம் முதலியோரின் ஆய்வு, ஓர் உறுப்பு தோன்றியதைச் செம்மையாக விளக்குகிற மாணவனும் உறுப்பு மறைந்ததை விளக்க நேரும்போது தடுமாறுவதைக் காட்டியது. எனவே ஒரே வினாவைக் கொண்டு ஒருவனுடைய அறிவைத் தீர்மானிப்பது நியாயமாகாது.

நம் நாட்டில் இதற்கு நல்ல கருவி இல்லாமற்போகவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பன்னிரண்டு சிவப்பு வண்டுகளின் கதை இருந்தது. பச்சை நிறத்தோடு ஒரு வண்டு பிறக்க, இலைகளுக்கிடையே அது காக்கையின் கண்ணில் படாமல் அதன் சந்ததி பெருகிற்று. நீல வண்டு ஒன்று பிறந்த கதையில் யானை மிதித்ததால் சிவப்பு வண்டுகள் பெரும்பாலும் மடிய, நீலம் அதிர்ஷ்டவசமாக எஞ்சிற்று. செடிகளுக்கு நோய் கண்டபோது உணவின்றி வண்டுகள் எடை குறைந்தன, செடிகள் தேறியதும் எடை மீண்டது. தேர்வினால் நேர்வது, தற்செயலாய் நேர்வது, சந்ததிக்குச் செல்லாதது என்ற மூன்றையும் ஒரே புதரில் வைத்துப் பிரித்துக் காட்டிய அப்பகுதிக்கு நிகராக ஒரு வினாத்தாளை நான் கண்டதில்லை. 2023-இல் அது பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு ஆட்சேபித்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இன்னும் இருப்பது உண்மையே. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு விலகும் மாணவர்களுக்கு அதனால் யாது பயன்?

பெங்களூருவில் வினா அமைப்பவர் காலபாகஸ் தீவுவரை செல்ல வேண்டியதில்லை. பல்லாரி சாலையில் 1959 முதல் தேசியக் காசநோய் நிறுவனம் இயங்கிவருகிறது. காசநோயாளி ஒருவருக்கு ஐசோனியசிட் மாத்திரம் கொடுத்தால் நோய் சற்றுத் தணிந்து பின்னர் மருந்துக்கு அடங்காமற் போவது ஏன், ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுத்தால் அவ்வாறு நேராதது ஏன் என்று கேட்கலாம். கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று நம்புகிறவன், மருந்தின் பலம் இரட்டித்தது என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல இயலாது. கருத்தை உணர்ந்தவனோ கணக்குப் போடுவான்: ஐசோனியசிட்டுக்கு மடியாத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு மடியாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று, நுரையீரலின் ஒரு குழிவில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் ஒரே மருந்தானால் தப்புகிறவை முன்னமே அங்கு உண்டு, இரண்டுக்கும் ஒருங்கே தப்புவது நூறு லட்சம் கோடியில் ஒன்றாகையால் அநேகமாக இராது.

இவ்வூர் மாணவன் வீட்டில் கன்னடத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ சிந்தித்து, விடையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவன். மனப்பாடமான ஆங்கில வாக்கியம் அவனுடைய கருத்தை எளிதில் மறைத்துவிடும். ஆகவே சிலரையேனும் அவரவர் மொழியில் வாய்மொழியாக வினவி, எழுத்து விடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எந்த வினாத் தொகுதியையும் நம்பத்தக்கதென்று கொள்ள வேண்டும்.

காசநோய் வினாவும் நாளடைவில் நெட்டுருவாகிவிடுமாதலால், மாணவன் கேள்விப்பட்டிராத இரண்டாவது வினாவொன்று அவசியம். பல்லாரி சாலையிலேயே வடக்கே, ஜக்கூரில், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் அமிதாப் ஜோஷியின் குழுவினர் பழ ஈக்களை நூற்றுக்கணக்கான தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்திருக்கின்றனர். விரைவில் வளர்ந்து விரைவில் முட்டையிட்டவற்றின் சந்ததியையே தொடர்ந்து வளர்த்துவந்த கூட்டங்களில் ஈக்கள் உருவத்தில் சிறுத்துப்போயின. ஏன் என்று கேட்க வேண்டும். பரிணாமம் எப்போதும் அபிவிருத்தியே என்று எண்ணுகிறவன், சிற்றுருவத்துக்கு ஏதேனும் ஓர் அனுகூலத்தைக் கற்பித்து எழுதுவான். ஈக்களிடையே வளர்ச்சி வேகத்தில் முன்பே பரம்பரை வேறுபாடு இருந்தது, விரைந்தவையே முட்டையிடும் வாய்ப்பைப் பெற்றன, விரைந்த புழுவுக்கு உண்ணும் காலம் குறைந்ததால் உடலும் சிறுத்தது என்று எழுதுகிறவனுக்கு, அவ்விடையில் ‘தகவமைப்பு’ என்றோ ‘தக்கன பிழைத்தல்’ என்றோ ஒரு சொல்லும் இல்லாவிடினும், திருத்துபவர் முழு மதிப்பெண்ணையும் வழங்க வேண்டும்.