தேர்க்குதிரை மேல் ஏறலாமா?

மாமல்லபுரம் ஐந்து ரதம் பார்க்காதவங்க செங்கல்பட்டுப் பக்கம் ரொம்பக் குறைவு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? தேர் ஐந்து இருக்கு, இழுக்க ஒரு குதிரை கிடையாது. யானை, சிங்கம், நந்தி மட்டும்தான். அதிலும் தமாஷ், அந்த யானை நிற்கிறது நகுல சகதேவ ரதத்துக்குப் பக்கத்தில். பாரதத்தில் குதிரை வித்தைக்குப் பேர் போனவன் நகுலன். விராடன் அரண்மனையில் ஒளிஞ்சிருந்தப்போ லாயத்தைப் பார்த்துக்கிட்டவன். அவன் பேர்ல 'அசுவசாஸ்திரம்'னு ஒரு நூலே இருக்கு, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் 1952ல் பதிப்பிச்சிருக்காங்க. (ரதங்களுக்கு இந்தப் பேரெல்லாம் பிற்காலத்தில் மக்கள் வெச்சது, பல்லவர்கள் வெச்சதில்லை. அது வேற கதை.)

கல்லில் இல்லாட்டியும் இந்தக் கடற்கரைக்குக் குதிரை புதுசு இல்லை. தொண்டைமான் இளந்திரையன் மேல் உருத்திரங்கண்ணனார் பாடின பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் கப்பல்கள் குதிரை கொண்டு வந்த செய்தி வருது. அது மாமல்லபுரம்தான்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. தேர், யானை, குதிரை, காலாள்னு நாற்படை சொன்ன காலம். அதாவது குதிரைக்கு ரெண்டு வேலை: தேரை இழுக்கணும், இல்லைன்னா ஆளைச் சுமக்கணும். ஒரே குதிரை ரெண்டுக்கும் ஆகுமா?

இதே கேள்வி இன்னிக்கும் டிரஸ்ஸாஜ் உலகத்தில் ஓடுது. டிரஸ்ஸாஜ்னா குதிரையேற்றத்தில் பரதநாட்டியம்னு வெச்சுக்குங்க. 1912லிருந்து ஒலிம்பிக்ஸில் இருக்கு. வேகமும் தாண்டலும் கணக்கில்லை. நடை, டிராட், கேண்டர் மூணும் சுத்தமா இருக்கணும், சவாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாம கட்டளை கொடுக்கணும். உச்சக்கட்டத்தில் குதிரை நின்ன இடத்திலேயே டிராட் போடும்!

காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதுதானே அழகு, அப்போ கோச் வண்டிக் குதிரைதானே இதுக்கு லாயக்குன்னு தோணும். ஹாக்னி, ஃப்ரீசியன் மாதிரி இனங்கள் முன்னங்கால் முட்டியை மடக்கித் தூக்குறதைப் பார்த்தா சொக்கிப் போயிடுவீங்க. சிக்கல் கால்ல இல்லை, முதுகுல.

சும்மா நிற்கிற குதிரையோட எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால் மேல. சவாரியில் ஆள் ஏறினதும் அந்தப் பாரமும் சேரும். அதைச் சமாளிக்க, குதிரை பின்னங்காலை வயித்துக்கு அடியில் கொண்டு வந்து, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை மேல தூக்கிக் கொடுக்கணும். காரில் சொன்னா பின்சக்கர இழுவை, எஞ்சின் பின்னாடிதான். டிரஸ்ஸாஜ் பயிற்சி முழுக்க இதுக்குத்தான்.

வண்டிக் குதிரையைப் பல தலைமுறையா வளர்த்தது வேற கணக்குக்கு. கழுத்துப் பட்டையில் சாய்ஞ்சு இழுக்கத் தோள்பட்டை செங்குத்தா இருக்கும். கழுத்து உயரமா எழும்பி நிற்கும். தலையை ரொம்பத் தூக்கினா முதுகு குழிஞ்சிடும். குழிஞ்ச முதுகு மேல 70 கிலோ ஆள் உட்கார்ந்தா வலிக்கும், பின்னங்கால் உள்ளே வராம பின்தங்கிடும். முன்னாடி ஆட்டம் பிரமாதம், பின்னாடி காலி. இன்னொண்ணு, வண்டிக்கு வேண்டியது டிராட் மட்டும்தான். அதனால கேண்டர் பல இனங்களில் சுமார். டிரஸ்ஸாஜில் கேண்டர் சுமார்னா பாதி மார்க் போச்சு.

அப்போ முடியவே முடியாதா? முடியும். ஃப்ரீசியன் சில கிராண்ட் ப்ரீ நிலை வரைக்கும் போயிருக்கு. அதைவிடப் பெரிய சாட்சி ஜெர்மனியின் ஓல்டன்பர்க் இனம். 17ஆம் நூற்றாண்டில் ஆன்டன் குந்தர் பிரபு காலத்திலிருந்தே கோச் குதிரைக்குப் பேர் போனது. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் வண்டிக்கும் ஏருக்கும் குதிரை தேவைப்படலை. தரோபிரட் ரத்தம் கலந்து சில தலைமுறையில் சவாரிக் குதிரையா மாத்திட்டாங்க. ஹாலந்தில் கெல்டர்லாண்டர் கதையும் இதேதான். 2023 செப்டம்பர் 26ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிரிதி சிங், சுதிப்தி ஹஜேலா நாலு பேரும் டிரஸ்ஸாஜ் குழுத் தங்கம் வாங்கினாங்களே, குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம், அவங்க ஏறினதும் இப்படி உருவான ஐரோப்பிய வார்ம்பிளட் வகைக் குதிரைகள்தான். வண்டி இழுத்த வம்சத்துக்கும் அந்தப் பதக்கத்தில் பங்கு இருக்கு.

ஆனா மாறினது இனம், அதுவும் தலைமுறைக் கணக்கில். ஒத்தைக் குதிரையைக் கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சு ஒரே வருஷத்தில் மாத்த முடியாது. முன்னங்கால் மோகம் பெரிய மேடையையும் விடலை. 2009ல் டோட்டிலாஸ் லண்டனில் 92.30 சதவீதம் வாங்கி உலக சாதனை செஞ்சப்போ, முன்னங்கால் பறக்குற அளவுக்குப் பின்னங்கால் வரலையேன்னு ஒரு கூட்டம் சண்டை போட்டுச்சு. அந்தச் சண்டை நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

நம்ம ஊரில் இது போட்டி சமாச்சாரம் மட்டும் இல்லை. வண்டியில் பழகின குதிரை முதுகில் ஒரு நாள் திடீர்னு சேணத்தைக் கட்டி, வர்றவன் போறவனை எல்லாம் ஏத்தினா அந்த ஜீவன் சொல்லவா முடியும்? கடற்கரையில் சவாரிக்குக் குதிரையைப் பார்த்தீங்கன்னா ஏறுறதுக்கு முன்னாடி சேணத்துக்குக் கீழே கையை வெச்சுப் பாருங்க. கை பட்டதும் முதுகை நெளிச்சு அமுக்கினா, காதைப் பின்னாடி சாய்ச்சா, ஏறாதீங்க. குழந்தையை ஏத்தித்தான் ஆகணும்னு வீட்டில் அடம் பிடிச்சாலும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளிச்சிடுங்க.

நம்ம பெரியவங்க குதிரை வாங்கும்போது சுழி பார்த்தாங்க. நாம கால் தூக்குறதைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது முதுகை.