கஞ்சிக்கோட்டின் காற்றும் உயரத்தில் தொங்கும் கூடையும்

கஞ்சிக்கோட்டின் வரலாற்றைக் காற்றை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில், தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து விரைகிறது. கேரள மின்வாரியம் 1990களில் தன் காற்றாலைகளை இங்கே நிறுவியதும் அதனால்தான். அதே நிலத்தில்தான் 1976இல் ஐ.டி.ஐ. தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையும், 2010இல் பெமல் தொழிற்சாலையும் எழுந்தன. ஆலை எழுந்த இடமெல்லாம் உயர்ந்த கூரையும், அதன்மேல் ஏறிப் பணி செய்யும் கூலித் தொழிலாளியும் உண்டு.

நெடுங்காலம் அவருக்குத் துணையாக இருந்தவை மூங்கில் சாரமும் ஏணியும். அவற்றின் இடத்தைப் பிடித்துவரும் பூம் லிஃப்ட்டின் மூதாதை, 1940களில் கலிபோர்னியாவில் செர்ரி பறிப்பதற்காக உருவான கூடைக் கருவியாகும். ஜான் குரோவ் என்னும் அமெரிக்கர் 1970இல் இதைக் கட்டுமானக் களத்துக்கு உரியதாக்கினார். சாரத்தின்மேல் நின்ற இரு தொழிலாளர்கள் மின்சாரம் பாய்ந்து மாண்ட செய்தியே அவரைத் தூண்டியதாக அவரது நிறுவன வரலாறு குறிப்பிடுகிறது.

ஆயினும் புதிய கருவி புதிய ஆபத்துகளையும் உடன் கொணர்ந்தது. தரையில் ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினால், நீண்ட கரத்தின் நுனியில் அந்த அசைவு பன்மடங்காகி, கூடையில் நிற்பவரைக் கவண்கல்போல் வெளியே எறிந்துவிடும். கூடைக்குள் நின்றாலும் பாதுகாப்பு வாரை அணிந்து, அதன் குறுங்கயிற்றைக் கூடையிலுள்ள கொக்கியில் மாட்டவேண்டும் என்னும் விதி இதனால் பிறந்தது. அதை அருகிலுள்ள தூணில் மாட்டினால், கருவி நகரும்போது கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும். கீழிருந்தும் கூடையை இறக்கத்தக்க அவசர விசை வைக்கப்படுவதும், அதை இயக்கத் தெரிந்த ஒருவர் தரையில் நிற்கவேண்டும் என்பதும், மேலே உள்ளவர் மயங்கினால் அவரை மீட்பதற்காகவே.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பாரம் தூக்கும் பொறிகளைத் தகுதியுடையவர் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்றது. கிரேன், விஞ்ச், கப்பி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்த அச்சட்டத்தில், ஆளை ஏற்றும் இக்கூடைக்குத் தனிப்பெயர் இல்லை. கருவி சட்டத்துக்குப் பின்னரே வந்தது.

கஞ்சிக்கோட்டில் இவ்வரலாறு மீண்டும் காற்றிடமே வந்து சேர்கிறது. வெளியிடப் பணிக்குரிய பூம் லிஃப்ட்டுகளின் காற்று வரம்பு பெரும்பாலும் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளரங்கப் பயன்பாட்டுக்கு மட்டுமேயான கத்தரி லிஃப்ட்டுகள் சிலவற்றுக்குச் சிறு காற்றும் ஆகாது. காற்றாலைகள் முழுத்திறனை எட்டும் வேகமோ பொதுவாக 12 முதல் 15 மீட்டர். எனவே காற்றாலைக்கு நல்ல வேளை, கூடை தரையிறங்க வேண்டிய வேளை. வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கூடையில் ஏற்றிய ஒரு கூரைத் தகடு பாய்மரமாகிவிடும்.

தரையில் காற்று அடங்கியிருக்கும்போதே கூடையின் உயரத்தில் அது வரம்பைக் கடந்திருக்கக்கூடும். ஆகவே காற்றுமானியைக் கூடையின் உயரத்தில் வைத்து அளப்பதே முறை. அந்த அளவைக் கண்டு ‘இறங்குகிறேன்’ என்று சொல்பவரின் அன்றைய கூலி குறையாதிருக்க வேண்டும். கூலி போகுமெனில் எந்த விதியும் அவரைக் கீழே இறக்காது.